இரவல் அண்ணே இலை எடுத்த நாள்

உங்களிடம் ஒரு கேள்வி. அவசரத்துக்கு ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு பேனா கேட்கிறீர்கள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, மூடியைக் கழற்றி, மறுபடியும் மூடி, உங்கள் முகத்தை ஒரு தடவை ஆழமாகப் பார்த்துவிட்டு, “பாக்கவா, எழுதவா?” என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

நான் சிரித்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் தப்பு.

“சிரிக்காத மாப்ள. பாக்கணும்னா எம்புட்டுப் பேரு வேணாலும் ஒரே நேரத்துல பாக்கலாம். எழுதணும்னா ஒருத்தந்தேன். அவன் எழுதிக்கிட்டு இருக்கயில வேற எவனும் பாக்கக்கூடக் கூடாது. நானும் பாக்க மாட்டேன், அங்கிட்டுத் திரும்பிக்குவேன். எழுதி முடிச்ச ஒடனே பேனா தானா எங்கிட்ட வந்துறணும். சம்மதம்னா வாங்கு.”

வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். அதுவரை மனிதர் உண்மையிலேயே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மதுரை ஜில்லாவில் இவரைப் போல இரவல் கொடுக்கத் தெரிந்த ஆள் பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தால் அந்த ஊர் தாங்காது.

ஆபீஸ் என்று பெரிதாக நினைக்க வேண்டாம். நாகமலை புதுக்கோட்டையில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடி. எட்டுப் பேர் சாஃப்ட்வேர் எழுதுகிறோம், யூரியா வாசத்தோடு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஏதோ இருக்கிறது, வருகைப் பதிவில் பார்த்திருக்கிறேன். கூப்பிடுவதற்கு இரவல் அண்ணே.

அந்தச் சட்டம் அவர் கண்டுபிடித்ததில்லை. ரஸ்ட் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. அதில் எந்தப் பொருளுக்கும் ஒரே ஓனர். மற்றவர்கள் இரவல் வாங்கலாம்: பார்க்க எத்தனை பேரும், திருத்த ஒரே ஆள். இதை மீறி எழுதினால் கம்பைலர் விடாது. கம்பைலர் என்றால், நாம் எழுதியதை முழுக்கப் படித்துப் பார்த்து மெஷின் பாஷைக்கு மாற்றித் தருகிற வாத்தியார். ரஸ்ட் வாத்தியார் கொஞ்சம் கறார். தாளை மூஞ்சியில் எறிந்துவிடும். உலகத்தில் மற்றவர்கள் அந்த மொழியில் வேலை பார்க்கிறார்கள். எங்கள் அண்ணே அதில் குடித்தனம் நடத்தினார்.

ஆபீஸ் பேப்பரை நாலு பேர் சேர்ந்து படிக்கலாம். ஆனால் ஒருத்தர் குறுக்கெழுத்தை நிரப்ப ஆரம்பித்தால் மற்ற மூன்று பேரும் கண்ணை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் அவர் பைக்கை நான் இரவல் வாங்கிப் போயிருந்தபோது, வீட்டிலிருந்து அவர் சம்சாரம் போன் பண்ணி வண்டி எங்கே என்று கேட்டிருக்கிறார். “எனக்குத் தெரியாது. அது திரும்பி வார வரைக்கும் தெரிஞ்சுக்கிற உரிமையும் எனக்கு இல்ல” என்றாராம். அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று கேட்கும் உரிமை எனக்கும் இல்லை.

இரவல் ஒரு கதை என்றால், கொடுத்துவிடுவது வேறு கதை. ஒரு மழைநாளில் எங்கள் டெஸ்டர் பர்வீன் பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். டெஸ்டர் என்றால் நாங்கள் எழுதுவதில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. பர்வீனுக்கு அது வேலை இல்லை, பொழுதுபோக்கு. அண்ணே தன் குடையை எடுத்து நீட்டி, “இந்தா தங்கச்சி, இரவல் இல்ல, குடுத்துட்டேன்” என்றார். அன்று அண்ணே பைக் கொண்டுவரவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே பஸ் ஸ்டாப். பர்வீன் குடைக்குள் நிற்க, அண்ணே இரண்டடி தள்ளித் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார்.

“யண்ணே, குடைக்குள்ள வாங்கண்ணே. சனம் என்னையப் பாக்குது.”

“குடுத்தது குடுத்ததுதேன் பர்வீனு. அதத் தொட இனி எனக்கு உரிமை இல்ல.”

“அப்ப நா ஒங்களுக்கு இரவல் தாரேன். உள்ள வாங்க.”

அண்ணே யோசித்தார். சட்டப்படி சரிதான். ஆனால் யோசித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

மதியச் சாப்பாடு கீழே மெஸ்ஸில், வாழை இலையில். அங்கேதான் எனக்கு மெமரி பாடம் நடந்தது. மெமரி என்றால் மெஷினுக்குள் இருக்கிற இடம். எல்லா மொழியும் அதில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

“சி மொழி எப்படின்னா மாப்ள, இலைய நீயே போட்டுக்கணும், தின்னு முடிச்சு நீயே எடுக்கணும். எடுக்க மறந்தயா, எச்சி இலை குமிஞ்சு மெஸ்ஸே நாறிரும். பதட்டத்துல பக்கத்து ஆளு இலைய எடுத்தயா, அவன் வெறும் டேபிள்ல சோத்தத் தேடுவான். அத விட மோசம் ஒண்ணு இருக்கு. தின்னு எந்திரிச்சுப் போயிட்டு, அப்பளம் ஞாபகம் வந்து, திரும்பி வந்து அதே எடத்துல கைய வைப்ப. அங்கன இப்ப வேற ஒருத்தன் இலை.”

“அடிப்பானாண்ணே?”

“அடிச்சாத் தேவல. சில சமயம் ஒண்ணுமே சொல்ல மாட்டான். அதுதேன் ஆபத்து.”

“ஜாவா?”

“ஜாவா, கோ, பைத்தான் எல்லாத்துக்கும் இலை எடுக்க ஆளு உண்டு. நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போகலாம். ஆனா அந்த ஆளு எப்ப வருவாருன்னு தெரியாது. வந்தாருன்னா, எல்லாரும் கைய எடுங்கம்பாரு. ஒன் கையில ரசம் அப்படியே நிக்கும். நம்ம ரஸ்ட்ல அந்தச் சோலியே இல்ல. ஓனர் எந்திரிச்சா இலையும் கூடவே எந்திரிச்சிரும்.”

சொல்லிவிட்டுத் தன் இலையைத் தானே மடித்துத் தூக்கிக்கொண்டு போவார். மெஸ்ஸில் இலை எடுக்கிற செல்லம்மா அக்கா தினமும் மறிப்பார்.

“ஏப்பா, எங்க பொழப்புல ஏன் மண்ணப் போடுற? நா எடுக்குறது ஒனக்கு எளப்பமா?”

“ஒங்க மேல கோவம் இல்லக்கா. முறைதேன் சரியில்ல.”

“நீ முறையப் பேசு. ஒரு நா பந்திக்கு வந்து எடுத்துப் பாரு, இடுப்பு சொல்லும் முறைய.”

அக்கா வாய் பலித்தது. எப்படி என்று சொல்கிறேன்.

மண்டப புக்கிங் ஆப் ஒன்று எங்களுக்கு வந்தது. அழகர்கோவில் ரோடு, வாடிப்பட்டி, அந்தச் சுற்றுவட்டாரக் கல்யாண மண்டபங்களையெல்லாம் போனிலேயே பிடிக்கலாம். நான் பைத்தானில் இரண்டே நாளில் எழுதி முடித்துக் காலரைத் தூக்கிவிட்டேன். அண்ணே பின்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டார்.

“பைத்தான்ல மொத்தத்துக்கும் ஒரே சாவி மாப்ள. மதுரையில நூறு மண்டபம் இருந்தாலும் ஒரு நேரத்துல ஒரு மாப்பிள்ளதேன் தாலி கட்ட முடியும். மத்தவன் மாலையோட வரிசையில நிக்கணும். அந்தச் சாவிய ஒழிக்கலாம்னு இப்பத்தேன் ஆரம்பிச்சிருக்காய்ங்க.”

“ஜாவால எழுதவா?”

“மண்டபத்துக்கு மண்டபம் பூட்டு போடலாம். ஆனா பூட்டணும்னு நீதேன் ஞாபகம் வச்சுக்கணும். அதுலயும் ஒருத்தங்கிட்ட மண்டபச் சாவி, இன்னொருத்தங்கிட்ட சமையக்கட்டுச் சாவி இருந்துச்சு, செத்தோம். மொத நீ குடு, மொத நீ குடுன்னு தலை நரைக்கிற வரைக்கும் நிப்பாய்ங்க.”

“கோ?”

“சாவிக்குச் சண்ட போடாதீக, ஆள் விட்டுச் சேதி சொல்லிக்கங்கன்னு சொல்லும். நல்ல மொழிதேன். ஆனா ஒருத்தன் சேதி சொல்லாமப் பூந்துட்டான்னா வாசல்ல மறிக்க ஆள் இல்ல.”

“சி?”

“வாசலே இல்ல.”

“சரி, ஒங்க ரஸ்ட்டு?”

அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை வந்தது. “பத்திரிகையே அடிக்க விடாது மாப்ள. மண்டபம் ஒன்னோடதுதேன்னு மொத நிரூபி, அப்பறம் அச்சுக்குப் போன்னு சொல்லிரும்.”

நான் இரண்டு நாளில் எழுதியதை அவர் ஒரு மாதம் திருப்பி எழுதினார். ஒரே ஒரு சின்னத் துண்டை மட்டும் பழகட்டும் என்று எனக்குக் கொடுத்தார். மண்டபம் காலியா என்று கேட்டு, காலி என்றால் பேரை எழுதுகிற துண்டு. எழுதினேன். ரஸ்ட் வாத்தியார் பதினேழு தடவை மூஞ்சியில் எறிந்துவிட்டுப் பதினெட்டாவது தடவை ஏற்றுக்கொண்டது. அண்ணே பார்த்துவிட்டு, “கம்பைலரே ஒத்துக்கிருச்சு, நா யாரு?” என்று கையெடுத்துக் கும்பிட்டார். சுவரில் ஒரு தாள் ஒட்டினார்: ‘இது கம்பைல் ஆனால் தப்பு நடக்காது.’

பர்வீன் டெஸ்ட் பண்ணிச் சரி என்றாள். அதோடு நிற்கவில்லை. அவளுக்கே நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. “நம்ம ஆப்புலயே நம்ம கல்யாணம்” என்று, புக்கிங் திறந்த காலை பத்து மணிக்கு டாண் என்று விரலை வைத்து, அழகர்கோவில் ரோட்டில் ஒரு மண்டபத்தைப் பிடித்தாள். சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலில் பார்த்த மண்டபமாம். நாங்கள் கை தட்டினோம்.

நிக்காஹுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் அத்தா, அதாவது அப்பா, மேடை அலங்காரத்துக்கு அளவெடுக்கப் போனார். மேடையின் ஒரு முனையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், மறுமுனையில் இன்னொருத்தர் டேப்போடு குனிந்துகொண்டிருக்கிறார்.

“பாய், யாரு வீட்டு விசேசம்?”

“எம் மக நிக்காஹ். ஞாயித்துக்கிழம. நீங்க?”

“எம் மகனுக்குக் காதுகுத்து. அதே ஞாயித்துக்கிழம.”

அவர் வாடிப்பட்டி முத்தையா, தென்னந்தோப்பு விவசாயி. இரண்டு பேரும் போனை நீட்டினார்கள். இரண்டிலும் எங்கள் ஆப். இரண்டிலும் ‘உறுதி செய்யப்பட்டது’, பக்கத்தில் பச்சை டிக். அந்த ஞாயிறு சுற்றுவட்டாரத்தில் வேறு மண்டபம் எதுவும் காலி இல்லை. இரண்டு வீட்டிலும் பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று.

தப்பு என் துண்டில் இருந்தது. காலியா என்று கேட்பது ஒரு வரி, பேரை எழுதுவது அடுத்த வரி. நடுவில் கண்ணிமைக்கிற நேரம். சரியாகப் பத்து மணிக்குப் பர்வீன் விரலும் முத்தையா விரலும் அந்த இடைவெளியில் விழுந்திருக்கின்றன. பர்வீனுக்குக் காலி என்று சொல்லி, எழுதுவதற்கு முன்னால் முத்தையாவுக்கும் காலி என்று சொல்லி, இரண்டு பேரையும் எழுதிவிட்டது. மெஷின் மெமரியில் யாரும் யார் இலையிலும் கை வைக்கவில்லை. அதனால் கறார் வாத்தியாருக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணே அந்த இரண்டு வரியை ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த தாளைக் கிழித்தார். “கம்பைலரு மெமரியத்தேன் காவல் காக்குது மாப்ள. மண்டபத்த இல்ல. நா ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்.”

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். “யாரு எழுதுன வரி இது?”

நான் வாயைத் திறந்தேன். அண்ணே என் காலை மிதித்தார். “ஓனர் நாந்தேன் சார்.”

“யண்ணே, அது நா…”

“ஒரு பொருளுக்கு ஒரே ஓனர்தேன். நீ சும்மா இரு.”

முதலாளி திட்டியது இங்கே அச்சிடக் கூடியதில்லை. பர்வீன் திட்டவே இல்லை. அதுதான் தாங்கவில்லை. “நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டப் பேசாதீக. எதுனாலும் ஸ்கிரீனப் பாத்துப் பேசுங்க” என்றாள். நாலு நாள் ஸ்கிரீனைப் பார்த்துத்தான் பேசினோம்.

கேட்பதையும் எழுதுவதையும் பிரிக்க முடியாதபடி அண்ணே அன்றே ஒரே வரியாக்கிவிட்டார். இனி வரப்போகிறவர்கள் பிழைத்தார்கள். வந்துவிட்ட இரண்டு பேருக்கு என்ன செய்வது? பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு வாடிப்பட்டிக்கு விட்டார்.

“மண்டபத்த மாத்துறதா?” முத்தையா துண்டை உதறினார். “எம் மச்சினன் தாய்மாமன் சீரு கொண்டு வாரான். மேளம், கிடா, எல்லாம் சொல்லியாச்சு. எடத்த மாத்துனேன்னு வையி, பத்து வருசத்துக்கு எங்கூடப் பேச மாட்டான். எம் பொண்டாட்டியும் பேச மாட்டா.”

“மாத்த வேணாங்கய்யா,” என்றார் அண்ணே. “காது குத்துறது காலையில ஏழரைக்குத்தான? பதினோரு மணிக்குச் சாவியக் கைமாத்தி விட்டாப் போதும்.”

முத்தையா துண்டைத் தோளில் போட்டார். “சரி. ஆனா எங்க சனம் இலையில ஒக்காந்துட்டா, எந்திரின்னு ஒரு சொல்லு வரக்கூடாது.”

மதுரைக்கு வந்து அத்தாவைப் பார்த்தோம். அவரும் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. “பதினொண்ணுக்குச் சாவி என் கையில இருக்கணும் தம்பி. பந்தி ஓடுற மண்டபத்துல எம் மகளக் கொண்டாந்து நிறுத்த மாட்டேன். லேட்டாச்சுன்னா நிக்காஹ் எங்க தெருவுலயே நடக்கும்.”

உள்ளே பர்வீன் நிற்பது கதவிடுக்கில் தெரிந்தது. சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணே, அந்த மண்டபந்தான் எனக்கு வேணும்.”

ஞாயிற்றுக்கிழமை. அண்ணே புது வேட்டி கட்டி, மண்டபச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஏழரைக்குத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியாயிற்று. அவர் சீர் மேளத்தோடு தெருவைச் சுற்றி வந்து, ஆடி, உள்ளே போக ஒன்பதரை. பத்தே காலுக்கு நான் பந்தியை எட்டிப் பார்த்தேன். வாசலுக்கு ஓடினேன்.

“யண்ணே! இலை எடுக்க வந்த ரெண்டு பேரும் மேளத்துக்கு ஆடப் போயி இன்னும் திரும்பல. தின்னவுக இலைக்கு முன்னாடியே ஒக்காந்து கதை பேசுறாக. தின்னாதவுக பின்னாடி நிக்கிறாக. பந்தி நகரல!”

“எந்திரிங்கன்னு சொல்லக் கூடாதுடா. வாக்குக் குடுத்துருக்கோம்.”

“அப்ப?”

அண்ணே புது வேட்டியை மடித்துக் கட்டினார். அங்கே கிடந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்தார். பந்தியின் தலைமாட்டில் போய் நின்று, வருஷக்கணக்காகக் கேலி பண்ணிய அதே வார்த்தையைத் தொண்டை கிழியக் கத்தினார்:

“எல்லாரும் கைய எடுங்க!”

நூறு கை அந்தரத்தில் நின்றது. நான் ஒரு ஓரத்தில் இலைகளைச் சுருட்ட ஆரம்பித்தேன். ஒரு தாத்தா என் கையைத் தட்டிவிட்டார். “அட இருப்பா! நல்லி எலும்பு!”

“மாப்ள!” அந்தப் பக்கமிருந்து அண்ணே. “யாரு கை வச்சிருக்காகளோ அவுக இலையத் தொடாத. தொட ஆளில்லாமக் கெடக்கு பாரு, அத மட்டும் எடு!”

அதுதான் இலை எடுக்கிற மொழிகளின் சட்டம். மனிதர் அதையும் மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார். இலை போனதும் சனம் தானாக எழுந்தது. வெறும் டேபிள் முன்னால் யார் கதை பேசுவார்கள்? இரண்டு பந்தி ஓடியது. சட்டையெல்லாம் கறிக்குழம்பு. நடுவில் ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, “செல்லம்மா அக்காகிட்டச் சொல்லிராத” என்றார். அதற்குள் நான் போட்டோ எடுத்திருந்தேன்.

பதினொன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது முத்தையா வாசலுக்கு வந்தார். கழுத்துக் கயிற்றை அறுத்து அண்ணே சாவியை அத்தா கையில் வைத்தார். அத்தா வாட்சைப் பார்த்தார், அண்ணே சட்டையைப் பார்த்தார், முத்தையாவைப் பார்த்தார்.

“நீங்களும் இருந்து பிரியாணி சாப்ட்டுட்டுத்தான் போகணும்.”

“வயித்துல எடமே இல்ல பாய்,” என்றார் முத்தையா. “எம்புட்டு நேரத்துல போடுவீக?”

நிக்காஹ் ஓதி முடித்து, பள்ளிவாசல் ஹஜ்ரத் பதிவேட்டைத் திறந்தார். மாப்பிள்ளை கையெழுத்துப் போடப் போனால் பேனா எழுதவில்லை. உதறினார், ஊதினார், எழுதவில்லை. ஆளாளுக்குச் சட்டைப் பையைத் தடவினார்கள். யாரிடமும் போனைத் தவிர ஒன்றுமில்லை. நான் அண்ணனைப் பார்த்தேன். எத்தனை பேர் எழுத வேண்டும் என்று மனதுக்குள் எண்ணினேன்: மாப்பிள்ளை, பெண்ணின் வலியாக, அதாவது பொறுப்பாளராக, அத்தா, சாட்சி இரண்டு, ஹஜ்ரத், பெண்கள் பக்கம் போய்ப் பர்வீன். மனிதர் செத்தார் என்று நினைத்தேன்.

அண்ணே குழம்புக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்து நீட்டினார். பார்க்கவா என்று கேட்கவில்லை. எழுதவா என்று கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவும் இல்லை. ஒவ்வொருத்தர் எழுதுவதையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனா பெண்கள் பக்கம் போனது, திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் என் போனில் பர்வீன் மெசேஜ்: ‘டேய், பேனாவ எப்ப திருப்பித் தரணும்னு அண்ணேகிட்ட கேளு.’ அந்தப் பத்து நாளில் அவள் என்னைப் பழையபடி டேய் என்று கூப்பிட்டது அப்போதுதான். கேட்டேன்.

“இரவல் இல்ல மாப்ள,” என்றார். “குடுத்துட்டேன்.”

பர்வீன் லீவு முடிந்து இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறாள். வந்ததும் முதல் வேலையாகப் பேனாவைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டு, “எடுத்துக்கங்கண்ணே” என்றாள். “குடுத்தது குடுத்ததுதேன்” என்று அவர் தொடவில்லை. நான் என் சீட்டிலிருந்து அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டேதான் இதை டைப் அடிக்கிறேன். பார்ப்பதற்குத்தான் கணக்கே கிடையாதே.

மணி மூன்று பத்து. அண்ணே பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார்.